மேலன் டிலாங்கும் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளையும்

மேலன் டிலாங் என்பவர் உடலின் அசைவுகளை மூளை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் நரம்பு அறிவியலாளரும் ஆவார். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புக்கணுக்கள் என்னும் பகுதியே இவரது ஆய்வுக்களம். அப்பகுதி என்ன செய்கிறது என்று தெளிவாக அறியப்படாத காலத்தில் ஆய்வைத் தொடங்கிய இவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே கேள்வியைத் தொடர்ந்தார். அதன் பயனாக, பார்க்கின்சன் நோயாளியின் உடல் ஏன் இறுகிப்போகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. மூளைக்குள் மின்முனை பொருத்தி நோயின் அறிகுறிகளைத் தணிக்கும் சிகிச்சைக்கும் அந்த விளக்கம் வழிகாட்டியது.

கல்வி

டிலாங் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த டெ மொய்ன் நகரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1966இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1968இல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்தாவில் உள்ள தேசிய உடல்நல நிறுவனங்களில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே எட்வர்டு எவர்ட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இவருக்கு இடம் கிடைத்தது. இவருடைய ஆய்வு வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது அந்த ஆய்வுக்கூடமே.

ஓர் அசைவுக்குப் பின்னால்

மேசை மீதுள்ள ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிப்பது எளிய செயல்தான். ஆனால் அந்தச் செயலுக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றின் பல தசைகள் சரியான வரிசையிலும் சரியான அளவிலும் சுருங்கவும் தளரவும் வேண்டும். தேவையான தசைகள் இயங்குவதோடு, தேவையற்ற தசைகள் இயங்காமல் இருப்பதும் அவசியம். இல்லையெனில் தண்ணீர் சிந்திவிடும்.

இந்த வேலையில் மூளையின் மூன்று பகுதிகளுக்குச் சிறப்பான பங்கு உண்டு. முதலாவது, பெருமூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் புறணி. இங்கிருந்து புறப்படும் கட்டளைகள் தண்டுவடம் வழியாகத் தசைகளைச் சென்றடைகின்றன. இரண்டாவது, தலையின் பின்பகுதியில் உள்ள சிறுமூளை. இது அசைவின் நேரத்தையும் துல்லியத்தையும் சீர் செய்கிறது. மூன்றாவது, பெருமூளையின் உள்ளே ஆழத்தில் கொத்தாக அமைந்துள்ள அடித்தள நரம்புக்கணுக்கள்.

இந்த மூன்றாவது பகுதியைப் பற்றி நெடுங்காலம் நோய்களின் வழியாகவே ஓரளவு தெரிந்திருந்தது. இப்பகுதியில் பாதிப்பு ஏற்பட்ட சிலருக்கு அசைவு குறைந்து உடல் இறுகியது. வேறு சிலருக்கு அவர்கள் விரும்பாமலேயே கை கால்கள் ஆடின. ஒரே பகுதியின் பாதிப்பு எதிரெதிரான இரு விளைவுகளை எவ்வாறு தர முடியும் என்பது புதிராகவே இருந்தது. நலமாக உள்ள நிலையில் இப்பகுதி என்ன செய்கிறது என்பதை நேரடியாகப் பார்த்தவர்கள் அன்று மிகச் சிலரே.

மீந்திருந்த பகுதி

எவர்ட்ஸ் 1960களில் ஒரு புதிய ஆய்வு முறையை வளர்த்தெடுத்திருந்தார். அதற்கு முன் மூளையின் மின் செயல்பாட்டை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் மயக்கமூட்டப்பட்ட விலங்குகளையே பயன்படுத்தினர். மயக்கத்தில் உள்ள விலங்கு தானாக அசைவதில்லை. ஆகவே அசைவைப் பற்றி அதனிடமிருந்து அறியக்கூடியது குறைவு. எவர்ட்ஸ், விழித்திருக்கும் குரங்குக்குக் குறிப்பிட்ட ஓர் அசைவைப் பழக்கினார். அந்த அசைவைச் செய்யும்போதே அதன் மூளையில் உள்ள ஒற்றை நியூரானின் மின் துடிப்புகளை நுண்ணிய மின்முனை வழியாகப் பதிவு செய்தார். இயக்கப் புறணியின் நியூரான்கள் தசை அசைவதற்குச் சற்று முன்பே துடிக்கத் தொடங்குவதை இம்முறையால் காட்ட முடிந்தது.

டிலாங் அங்கே சேர்ந்தபோது இயக்கப் புறணியை எவர்ட்ஸ் ஆராய்ந்து வந்தார். சிறுமூளையைத் தாமஸ் தாக் என்ற ஆய்வாளர் எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவருக்கு எஞ்சியிருந்தது அடித்தள நரம்புக்கணுக்களே. அது மூளையின் ஆழத்தில் இருப்பதால் மின்முனையைச் சரியான இடத்தில் செலுத்துவது கடினம். உள்ளே பல உறுப்புகள் சிக்கலாக இணைந்திருப்பதால் முடிவுகளை விளக்குவதும் கடினம். பிறர் விட்டுவைத்த அந்தப் பகுதியையே டிலாங் தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளாக ஆக்கிக்கொண்டார்.

முதல் கண்டுபிடிப்புகள்

அடித்தள நரம்புக்கணுக்கள் ஒரே உறுப்பு அல்ல. ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பேலிடஸ், சப்தாலமிக் கரு, சப்ஸ்டான்ஷியா நைக்ரா ஆகியவை இதன் முக்கியப் பகுதிகள். ஸ்ட்ரையேட்டம் என்பது நுழைவாயில். பெருமூளைப் புறணியின் பல இடங்களிலிருந்து செய்திகள் இங்கே வந்து சேர்கின்றன. குளோபஸ் பேலிடசுக்கு வெளிப்பகுதி, உட்பகுதி என இரு பிரிவுகள் உண்டு. இதன் உட்பகுதியே முக்கியமான வெளிவாயில். இங்கிருந்து செய்திகள் தாலமசுக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் புறணியை அடைகின்றன.

டிலாங் குளோபஸ் பேலிடசில் தம் பதிவுகளைத் தொடங்கினார். குரங்குகள் பழக்கப்பட்டபடி கையையோ காலையோ முன்னும் பின்னும் அசைக்கும்போது நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்தார். 1971இல் வெளியான இவரது ஆய்வுக் கட்டுரை இரண்டு செய்திகளைத் தெளிவாக்கியது.

முதலாவது, விலங்கு அசையாமல் இருக்கும்போதும் இந்த நியூரான்கள் ஓய்வதில்லை. குறிப்பாக உட்பகுதியின் நியூரான்கள் நொடிக்குப் பல பத்து முறை இடைவிடாமல் துடித்துக்கொண்டே இருந்தன. வெளிப்பகுதியிலோ, வேகமாகத் துடித்து இடையிடையே நின்றுபோகும் நியூரான்களும், மெதுவாகத் துடித்து இடையிடையே கொத்தாக வெடிக்கும் நியூரான்களும் இருந்தன.

இரண்டாவது, குரங்கு அசையும்போது பல நியூரான்களின் துடிப்பு வேகம் மாறியது. உடலின் எதிர்ப்பக்கக் கை அல்லது கால் அசையும்போது இம்மாற்றம் ஏற்பட்டது. சில நியூரான்கள் கையசைவோடும், சில காலசைவோடும் தொடர்பு கொண்டிருந்தன. அடித்தள நரம்புக்கணுக்கள் அசைவில் நேரடிப் பங்கு கொள்கின்றன என்பதற்கு இது உறுதியான சான்றாக அமைந்தது.

பின்னர் டிலாங் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று நரம்பியல் மருத்துவப் பயிற்சி பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அப்போஸ்டலோஸ் ஜார்ஜோபுலோஸ், மைக்கேல் கிரட்சர் ஆகியோருடன் 1980களில் இவர் செய்த ஆய்வுகள், இந்நியூரான்களின் துடிப்பு அசைவின் திசை, தொலைவு, வேகம் ஆகியவற்றோடு தொடர்புடையது என்று காட்டின. கை, கால், முகம் ஆகியவற்றுக்கான நியூரான்கள் கலந்து கிடக்காமல் தனித்தனி இடங்களில் அமைந்திருப்பதும் தெளிவாயிற்று.

தனித்தனிச் சுற்றுவழிகள்

அடித்தள நரம்புக்கணுக்களை ஒரு புனல் போன்றது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். புறணியின் பல பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் இங்கே ஒன்றாகக் கலந்து, இறுதியில் இயக்கப் புறணிக்கு மட்டும் சென்று சேர்கின்றன என்பது அக்கருத்து. தம் பதிவுகளில் கை, கால் நியூரான்கள் பிரிந்தே இருப்பதைக் கண்ட டிலாங்குக்கு இது பொருந்தவில்லை.

1986இல் காரெட் அலெக்சாண்டர், டிலாங், பீட்டர் ஸ்டிரிக் ஆகிய மூவரும் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். அதன்படி புறணியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு வழி புறப்பட்டு, அடித்தள நரம்புக்கணுக்கள், தாலமஸ் வழியாகச் சென்று, மீண்டும் புறணியின் அதே பகுதிக்கு வந்து சேர்கிறது. இத்தகைய சுற்றுவழிகள் ஐந்தை அவர்கள் விவரித்தனர். ஒன்று உடல் அசைவுக்கானது. மற்றொன்று கண் அசைவுக்கானது. ஏனைய மூன்றும் திட்டமிடல், நடத்தை, உணர்ச்சி, ஊக்கம் போன்றவற்றோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகளுக்கானவை.

இக்கருத்தின் முக்கியத்துவம் இரண்டு வகையில் உணரப்பட்டது. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு அசைவுக் குறைபாட்டோடு மனச்சோர்வும் சிந்தனைத் தடுமாற்றமும் ஏன் வருகின்றன என்பதற்கு இது விடை காட்டியது. அதே நேரத்தில், ஒரு சுற்றுவழியை மட்டும் தேர்ந்து மருத்துவம் செய்ய முடியும் என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுத்தது.

மதகும் பலகையும்

அடுத்த கேள்வி, இந்தச் சுற்றுவழியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது. குளோபஸ் பேலிடசின் உட்பகுதியிலிருந்து புறப்படும் நியூரான்கள் தாலமசைத் தூண்டுவதில்லை, அடக்குகின்றன. அவை இடைவிடாமல் துடிப்பதால் தாலமசும் இடைவிடாமல் அடக்கி வைக்கப்பட்டுள்ளது.

இதை ஏரியின் மதகோடு ஒப்பிடலாம். மதகுப் பலகைகள் எப்போதும் மூடியே இருக்கும். ஒரு வயலுக்கு நீர் தேவைப்படும்போது அந்த வயலுக்கான பலகை மட்டும் தூக்கப்படும். நீரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தடையை விலக்கினால் போதும். அதுபோலவே அடித்தள நரம்புக்கணுக்களும் தேவையான அசைவுக்குத் தடையை விலக்குகின்றன. தேவையற்றவற்றுக்குத் தடையைத் தொடர்கின்றன.

இவ்வேலை இரு வழிகளில் நடைபெறுகிறது. நேர்வழியில், ஸ்ட்ரையேட்டம் குளோபஸ் பேலிடசின் உட்பகுதியை அடக்குகிறது. அடக்குவதையே அடக்குவதால் தாலமஸ் விடுபடுகிறது. அசைவுக்கு வழி பிறக்கிறது. மறைமுக வழியில், ஸ்ட்ரையேட்டம் வெளிப்பகுதியை அடக்குகிறது. வெளிப்பகுதியின் இயல்பான வேலை சப்தாலமிக் கருவை அடக்கி வைப்பது. அந்த அடக்கம் தளர்ந்ததும் சப்தாலமிக் கரு துள்ளி எழுந்து உட்பகுதியைத் தூண்டுகிறது. அதனால் தாலமஸ் மேலும் அடக்கப்படுகிறது, அசைவு தடைபடுகிறது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே சமநிலையைக் காப்பது டோபமைன் என்னும் வேதிப்பொருள். சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் நியூரான்கள் இதைச் சுரந்து ஸ்ட்ரையேட்டத்துக்கு அனுப்புகின்றன. டோபமைன் நேர்வழியை ஊக்குவித்து மறைமுக வழியைத் தணிக்கிறது. ஆகவே அது குறைந்தால் இரு பக்கமும் தடையே கூடும். இந்த விளக்கத்தை 1989இல் ரோஜர் ஆல்பின், ஆன் யங், ஜான் பென்னி ஆகியோரும், 1990இல் டிலாங்கும் வெளியிட்டனர். ஒரே பகுதியின் பாதிப்பு எதிரெதிரான நோய்களைத் தரும் புதிருக்கும் இதில் விடை இருந்தது. பலகைகள் இறுகினால் பார்க்கின்சன் நோய். பலகைகள் தளர்ந்தால் கட்டுக்கடங்காத அசைவுகள்.

பார்க்கின்சன் நோயும் லெவோடோபாவும்

பார்க்கின்சன் நோயை 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். ஓய்வில் உள்ள கை நடுங்குதல், தசை இறுக்கம், அசைவுகள் மெதுவாதல், உடல் நிலை தடுமாறுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். நடுக்குவாதம் என்றும் இதனைச் சொல்வர். கை கால்களுக்கு வலிமை இருக்கும். எழுந்து நடக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். ஆனால் உடல் கிளம்பாது. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குக்கூட நெடுநேரம் ஆகும்.

டோபமைனின் பங்கு 1950களின் இறுதியில் தெரியவந்தது. 1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், மருந்தினால் அசைவற்றுப்போன முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து மீண்டும் அசைய வைத்தார். 1960இல் வியன்னாவைச் சேர்ந்த எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகியோர், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ், மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் நோயாளிகள் வியக்கத்தக்க அளவு தேறுவதைக் காட்டினார். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே உள்ள பொருள்தான் இந்த லெவோடோபா. தாமோதரன், இராமசாமி என்ற இந்திய அறிவியலாளர்கள் 1937இலேயே அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர்.

லெவோடோபா இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்கு அதன் பயன் சீராக இருப்பதில்லை. மருந்து வேலை செய்யும் நேரத்தில் உடல் கட்டுப்பாடின்றி நெளியும். அதன் வேகம் குறைந்ததும் உடல் மீண்டும் இறுகும். ஒரே நாளில் பலமுறை இவ்வாறு மாறி மாறி நிகழும். இந்த நிலையை அடைந்தவர்களுக்கு 1980களில் மருத்துவர்கள் செய்யக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது.

ஒரு நச்சுப்பொருள் காட்டிய வழி

1982இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், போதைப்பொருள் ஊசி போட்டுக்கொண்ட சிலர் திடீரென்று அசைய முடியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் அறிகுறிகள் முற்றிய பார்க்கின்சன் நோயைப் போலவே இருந்தன. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் காரணத்தைத் தேடினர். திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட அந்தப் போதைப்பொருளில் எம்பிடிபி என்னும் நச்சு கலந்திருந்ததை அவர்கள் கண்டறிந்தனர். இது சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டோபமைன் சுரக்கும் நியூரான்களை அழிக்கக்கூடியது. இச்செய்தி 1983இல் வெளியானது.

அவர்களுக்கு நேர்ந்தது பெரும் துயரம். ஆனால் இந்நச்சின் தன்மை தெரிந்ததும், குரங்குகளில் பார்க்கின்சன் நோயை ஒத்த நிலையை உருவாக்கி ஆராயும் வழி ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. எலிகளில் இந்நச்சின் விளைவு மிகக் குறைவு என்பதால் குரங்குகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

நலமான குரங்கின் மூளையில் நியூரான்கள் எவ்வாறு துடிக்கும் என்பதை டிலாங் பதினைந்து ஆண்டுகளாகப் பதிவு செய்து வைத்திருந்தார். இப்போது நோயுற்ற குரங்கின் பதிவுகளை அவற்றோடு ஒப்பிட முடிந்தது. குளோபஸ் பேலிடசின் வெளிப்பகுதியில் துடிப்பு குறைந்திருந்தது. சப்தாலமிக் கருவிலும் உட்பகுதியிலும் துடிப்பு கூடியிருந்தது. இரு வழிகள் பற்றிய கருத்து எதிர்பார்த்ததும் இதுவே.

1990ஆம் ஆண்டின் சோதனை

துடிப்பு கூடியிருப்பது நோயின் காரணமா, அல்லது உடன் நிகழும் ஒரு மாற்றம் மட்டுமா? இதைத் தீர்மானிக்க ஒரே வழிதான் இருந்தது. சப்தாலமிக் கருவைச் செயலிழக்கச் செய்து பார்க்க வேண்டும்.

இதைச் செய்வதற்குத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை. இந்தச் சிறு கரு மனிதரில் பக்கவாதத்தால் சேதமடைந்தால், எதிர்ப்பக்கக் கையும் காலும் கட்டுப்பாடின்றி வீசியடிக்கும் கொடிய நிலை ஏற்படும் என்பது மருத்துவ நூல்களில் பதிவாகியிருந்தது. நலமான மூளையில் தொடவே கூடாது என்று கருதப்பட்ட இடம் அது.

ஹகாய் பெர்க்மன், தாமஸ் விக்மன், டிலாங் ஆகிய மூவரும் எம்பிடிபியால் நோயுற்ற இரண்டு குரங்குகளில் இச்சோதனையைச் செய்தனர். நியூரான்களை மட்டும் அழித்து, அவ்வழியே கடந்து செல்லும் நரம்பிழைகளை விட்டுவிடும் வேதிப்பொருள் ஒன்றைச் சப்தாலமிக் கருவில் செலுத்தினர். எதிர்ப்பக்கக் கை கால்களின் இறுக்கமும் நடுக்கமும் குறைந்தன. அசையாமல் இருந்த உறுப்புகள் அசைந்தன. டோபமைன் திரும்பி வரவில்லை. இறந்த நியூரான்களும் பிழைக்கவில்லை. ஆயினும் அசைவு திரும்பியது. 1990 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் டிப்பு அசீஸ் உள்ளிட்ட குழுவினரும் இதை ஒத்த முடிவை வெளியிட்டனர்.

பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் அசைவை எழுப்பும் ஆற்றல் அழிந்துவிடவில்லை, அளவுக்கு மீறிய தடையால் அடக்கப்பட்டிருக்கிறது என்பதே இச்சோதனை சொன்ன செய்தி.

ஆய்வுக்கூடத்திலிருந்து அறுவை அரங்கத்துக்கு

1990இல் டிலாங் அட்லாண்டாவில் உள்ள எமோரி பல்கலைக்கழகத்தின் நரம்பியல் துறைத் தலைவரானார். அங்கே ஜெரால்டு வைடெக், ராய் பேக்கே ஆகியோருடன் சேர்ந்து, குளோபஸ் பேலிடசின் உட்பகுதியில் ஒரு சிறு இடத்தை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் அறுவை மருத்துவத்தை முறைப்படி ஆராய்ந்தார். குரங்குகளில் பயன்படுத்திய அதே ஒற்றை நியூரான் பதிவு முறை இப்போது நோயாளிகளுக்கு உதவியது. மின்முனை கீழே இறங்க இறங்க மாறும் துடிப்புகளின் ஒலியைக் கேட்டே எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று கண்டுகொள்ள முடிந்தது.

திசுவை அழிப்பதில் ஒரு குறை உண்டு. அழித்ததை மீட்க முடியாது. இதற்கு மாற்று வழி பிரான்சின் கிரெனோபில் நகரில் பிறந்தது. அங்கே அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனாபிட், நடுக்கத்தைப் போக்கத் தாலமசில் அறுவை செய்து வந்தார். சரியான இடத்தைக் கண்டறிய அவர் முதலில் சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நொடிக்கு நூறு முறை அளவில் வேகமாகத் தூண்டியபோது நடுக்கம் நின்றுவிடுவதை 1987இல் அவர் கவனித்தார். திசுவை அழிக்காமலே, நிறுத்தவும் கூட்டவும் குறைக்கவும் கூடிய முறை ஒன்று கிடைத்தது. ஆனால் தாலமசைத் தூண்டுவது நடுக்கத்தை மட்டுமே போக்கியது. இறுக்கமும் மெதுவான அசைவும் அப்படியே இருந்தன.

டிலாங் குழுவின் 1990ஆம் ஆண்டு ஆய்வு, தூண்ட வேண்டிய இடத்தைக் காட்டியது. பெனாபிட்டும் நரம்பியல் மருத்துவர் பியர் பொல்லாக்கும் 1993இல் பார்க்கின்சன் நோயாளிகளின் சப்தாலமிக் கருவில் மின்முனை பொருத்தத் தொடங்கினர். நடுக்கம், இறுக்கம், மெதுவான அசைவு மூன்றும் தணிந்தன. இம்முறை ஆழ்மூளைத் தூண்டல் எனப்படுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் நடுக்கத்துக்கும், 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் இதற்கு ஒப்புதல் அளித்தது.

சிகிச்சை முறையும் அதன் எல்லையும்

சப்தாலமிக் கரு அவரை விதையை விடச் சிறியது. அதைக் காந்த அதிர்வு வரைபடங்களின் உதவியால் முதலில் கண்டறிகின்றனர். பின்னர் மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய மின்முனையைச் செலுத்துகின்றனர். மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. ஆதலால் நோயாளி விழித்திருக்கும் நிலையிலேயே இதைச் செய்வதுண்டு. அவர் விரல்களை மடக்கி நீட்டும்போது ஏற்படும் மாற்றத்தை மருத்துவர்கள் அங்கேயே பார்க்க முடிகிறது. மார்புத் தோலுக்கு அடியில் மின்கலத்துடன் கூடிய சிறு கருவி பொருத்தப்படுகிறது. தோலுக்கு அடியில் செல்லும் கம்பி அதை மின்முனையோடு இணைக்கிறது. வழக்கமாக நொடிக்குச் சுமார் 130 முறை மின்தூண்டல் தரப்படுகிறது.

இச்சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதில்லை. நியூரான்கள் அழிவதை நிறுத்துவதும் இல்லை. லெவோடோபா மருந்துக்கு நன்கு பலன் தெரிந்து, ஆனால் அதன் பயன் சீராக இல்லாதவர்களுக்கே இது மிகவும் உதவுகிறது. பலர் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் பேச்சுத் தடுமாற்றம், உடல் சமநிலை இழத்தல், நினைவுக் குறைவு ஆகியவற்றுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. மூளையில் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று போன்ற ஆபத்துகளும் உண்டு. ஆகவே யாருக்கு இது பொருந்தும் என்பதை நரம்பியல் மருத்துவர்கள் முழுமையாக ஆராய்ந்த பின்னரே முடிவு செய்கின்றனர்.

கோட்பாட்டின் மீதான கேள்விகள்

டிலாங் முன்வைத்த விளக்கம் பாடநூல்களில் இடம்பெற்றாலும், எல்லாவற்றையும் அது விளக்கிவிடவில்லை. அக்கோட்பாட்டின்படி, குளோபஸ் பேலிடசின் உட்பகுதியை அழித்தால் தடை நீங்கிக் கட்டுப்பாடற்ற அசைவுகள் தோன்ற வேண்டும். நடைமுறையில் அத்தகைய அசைவுகள் குறையவே செய்கின்றன. 1994இல் டேவிட் மார்ஸ்டன், ஹோசே ஒபேசோ ஆகியோர் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டினர்.

இதற்குப் பின் ஆய்வாளர்களின் கவனம், நியூரான்கள் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதோடு நிற்காமல், எந்த ஒழுங்கில் துடிக்கின்றன என்பதற்கும் சென்றது. பார்க்கின்சன் நோயில் பல நியூரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் துடிப்பது கண்டறியப்பட்டது. மின்தூண்டல் இந்தத் தவறான தாளத்தைக் குலைக்கிறது என்பது இன்று பலர் ஏற்கும் கருத்துகளில் ஒன்று. டிலாங்கும் விக்மனும் பிற்காலத்தில் எழுதிய கட்டுரைகளில் தங்கள் பழைய கருத்தின் போதாமையை ஏற்று அதைத் திருத்தி விரித்தனர்.

விலங்காய்வு பற்றிய விவாதம்

இந்த ஆய்வு வரலாறு முழுவதும் குரங்குகளைச் சார்ந்தது. நலமான குரங்குகளின் மூளையில் மின்முனைகள் செலுத்தப்பட்டன. பிறகு சில குரங்குகள் வேண்டுமென்றே நோய்வாய்ப்படுத்தப்பட்டன. மனிதருக்கு நெருங்கிய உறவுடைய ஓர் உயிரினத்தை இவ்வாறு பயன்படுத்துவது அறமா என்ற கேள்வியை விலங்குநல ஆர்வலர்கள் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். இந்த ஆய்வுகள் இன்றி சப்தாலமிக் கருவைத் தொடும் துணிவு எந்த மருத்துவருக்கும் வந்திருக்காது என்பது மறுதரப்பின் வாதம். இங்கிலாந்தின் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகியோர் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். மாற்று இருந்தால் விலங்கைப் பயன்படுத்தாதிருத்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைக் குறைத்தல் என்பவை அவை. பல நாடுகளின் ஆய்வு விதிகளில் இவை இன்று இடம்பெற்றுள்ளன.

விருதுகள்

2014ஆம் ஆண்டுக்கான உயிர் அறிவியல் பிரேக்துரூ பரிசைப் பெற்ற அறுவரில் டிலாங்கும் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 30 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் லாஸ்கர்–டிபேக்கி மருத்துவ ஆய்வு விருதை இவரும் பெனாபிட்டும் பகிர்ந்துகொண்டனர். அதற்குள் உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை பெற்றிருந்தனர்.

டிலாங்கின் ஆய்வு வாழ்க்கை மாணவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. 1968இல் இவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு நோயைத் தீர்ப்பது பற்றியது அன்று; மூளையின் ஒரு பகுதி இயல்பாக என்ன செய்கிறது என்பது மட்டுமே. அதற்கான விடையைப் பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்ததால்தான், நோயுற்ற மூளையைப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது எது மாறியிருக்கிறது என்று இவரால் கண்டுகொள்ள முடிந்தது. பிறர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஒரு பகுதியில் தொடங்கிய அந்தப் பணியின் பயனை, தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும் நோயாளி இன்று அனுபவிக்கிறார்.